ஒரு குளிர்காலம், மூன்று வெற்றிகள்

ஓடுதல், தாண்டுதல், எறிதல் ஆகிய மூன்றும் மக்கள் அறிந்த விளையாட்டுகளுள் மிகப் பழமையானவை. பள்ளி விளையாட்டு விழாவில் நீளம் தாண்டும் போட்டியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மாணவன் ஒருவன் தொலைவிலிருந்து விரைந்து ஓடி வருகிறான். குறித்த இடத்தில் காலை ஊன்றி மேலே எழுகிறான். மணற்பரப்பில் வந்து விழுகிறான். அவன் ஐந்து மீட்டர் தாண்டிவிட்டால் நாம் கைகொட்டி மகிழ்கிறோம். 1991 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வீரர் மைக் பவல் என்பவர் 8.95 மீட்டர் தாண்டியபோது உலகமே வியந்தது.

இனி, ஒருவர் 130 மீட்டர் தாண்டினார் என்று கேட்டால் அதனை நம்புவதற்கே நம் உள்ளம் தயங்கும். அனுமன் கடலைத் தாண்டிய கதையைக் கேட்கும்போது எழும் வியப்பே அப்பொழுதும் எழும். ஆயினும் இது கதையன்று. பனி மூடிய மலைநாடுகளில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வீரர் பலர் இத்துணைத் தூரத்தைத் தாண்டி வருகின்றனர். இறக்கையின்றிப் பறக்கும் இவ்விளையாட்டிற்குப் பனிச்சறுக்குத் தாண்டல் என்று பெயர். இவ்விளையாட்டின் இயல்பையும், 2001 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2002 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முடிந்த ஒரு போட்டிப் பருவத்தின் வரலாற்றையும் இப்பாடத்தில் காண்போம். அப்பருவத்தில் மூவர் மூன்று வெற்றிகளைப் பெற்றனர். அம்மூன்றனுள் எது பெரிது என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று.

ஐரோப்பாவின் வடபால் உள்ள நார்வே நாடே இவ்விளையாட்டின் தாயகம். அங்கே குளிர்காலத்தில் வயலும் வழியும் பனியால் மூடப்பட்டுவிடும். நடந்தால் கால் புதையும். ஆதலின், பண்டுதொட்டே அந்நாட்டு மக்கள் நீண்ட மரக்கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனியின்மீது சறுக்கிச் சென்றனர். வேட்டைக்கும் அண்டை ஊருக்கும் செல்வதற்கு அதுவே வாகனம். சறுக்கிச் செல்லும் வழியில் மேடு ஒன்று குறுக்கிட்டால் இளைஞர்கள் அதனைத் தாண்டிக் குதித்தனர். அந்தக் குதிப்பே நாளடைவில் விளையாட்டாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலிமார்க் என்னும் பகுதியில் வாழ்ந்த சோன்ட்ரே நூர்ஹைம் என்னும் எளிய குடியானவர் இக்கலையில் தலைசிறந்து விளங்கினார். கட்டைகளைக் காலுடன் உறுதியாகப் பிணைக்கும் முறையை அவர் திருத்தியமைத்தார். தாண்டி இறங்கும்போது ஒரு காலை முன்னும் மற்றொரு காலைப் பின்னும் வைத்து முழங்காலை மடக்கி நிற்கும் முறைக்கு இன்றும் டெலிமார்க் என்றே பெயர் வழங்குகிறது.

1892 ஆம் ஆண்டில் ஓஸ்லோ நகரை அடுத்த ஹோல்மன்கோலன் குன்றில் புகழ்பெற்ற போட்டிகள் தொடங்கின. 1924 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் ஷமோனி நகரில் முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றபோது இவ்விளையாட்டும் அவற்றுள் இடம் பெற்றது. 1936 ஆம் ஆண்டில் ஆஸ்திரிய இளைஞர் செப் பிராடில் என்பவர் பிளானிட்சா என்னும் இடத்தில் 100 மீட்டர் எல்லையை முதன்முதலாகக் கடந்தார். நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்த இவ்விளையாட்டில், 2011 ஆம் ஆண்டின் இறுதியில் மகளிர்க்கும் உலகக் கோப்பைப் போட்டிகள் தொடங்கின. 2014 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் மகளிரும் தாண்டினர்.

ஒரு மனிதர் 130 மீட்டர் தாண்டுவது எவ்வாறு இயலும்? அதனை அறிய, தாண்டும் குன்றின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். குன்றின் உச்சியிலிருந்து செங்குத்தான சறுக்குப்பாதை ஒன்று கீழ்நோக்கி வருகிறது. வீரர் உச்சியில் ஒரு குறுக்குச் சட்டத்தின்மீது அமர்ந்து, கட்டைகளைப் பாதையின் பள்ளங்களில் பொருத்திக்கொண்டு காத்திருக்கிறார். பயிற்சியாளர் கொடியசைத்ததும் சட்டத்தை விட்டுச் சறுக்குகிறார். உடலைக் குனிந்து சுருக்கிக்கொண்டு அவர் கீழே வரும்போது பெரிய குன்றுகளில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டரை எட்டுகிறது. பாதையின் முடிவில் தாண்டுமேடை உள்ளது. அம்மேடை வானை நோக்கி நிமிர்ந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அது சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. ஆகவே, வீரரை மேலே தூக்கிவிடுவது மேடையன்று. அவருடைய கால்களின் வலிமையே. கண் இமைக்கும் நேரத்தில் அவர் நிமிர்ந்து உந்தி எழுதல் வேண்டும். சற்று முந்தினாலும் பயனில்லை; சற்றுப் பிந்தினாலும் பயனில்லை.

மேடையை விட்டு எழுந்தவர் வானில் மிதக்கும் நேரம் ஏறத்தாழ ஐந்து நொடிகள். அப்பொழுது அவர் உடலை முன்னே சாய்த்து, ஏறக்குறையக் கட்டைகளின்மீது படுத்தாற்போல் ஆகிறார். எதிரே வரும் காற்று உடலையும் கட்டைகளையும் கீழிருந்து தாங்குகிறது. இறக்கையை அசைக்காமல் வட்டமிடும் பருந்தைத் தாங்குவதும் இத்தகைய காற்றின் விசையே. ஆதலால் முகத்திற்கு எதிராக வீசும் காற்றே தாண்டுவோர்க்கு நண்பன். முதுகின் பின்னிருந்து வீசும் காற்று பகைவன். இறங்கும் சரிவும் வீரர் பறக்கும் வளைவிற்கு ஏற்பவே அமைக்கப்பட்டுள்ளது. அவர் எவ்வளவு தொலைவு சென்றாலும் சரிவிலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே இருக்கிறார். சரிவைத் தழுவினாற்போல் இறங்குகிறார். சமநிலத்தில் விழுந்தால் எலும்பு நொறுங்கும். சரிவில் இறங்குவதால்தான் நின்று சிரிக்க முடிகிறது.

கட்டைகளை வானில் எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் இரு கட்டைகளையும் ஒன்றோடொன்று இணையாக வைத்தே அனைவரும் தாண்டினர். அதுவே அழகு என்று நடுவர்கள் கருதினர். 1980களின் இடைப்பகுதியில் சுவீடன் நாட்டு வீரர் யான் போக்லோவ் என்பவர் கட்டைகளின் முன்முனைகளை அகல விரித்து, விசிறி விரிந்தாற்போலப் பறக்கத் தொடங்கினார். அம்முறையில் காற்று கூடுதலாகத் தாங்கியது. அவர் மற்றவரினும் நெடுந்தூரம் சென்றார். ஆனால் நடுவர்கள் அதனை அழகற்றதென்று கூறி மதிப்பெண்களைக் குறைத்தனர். போக்லோவ் மனம் தளரவில்லை. குறைந்த மதிப்பெண்ணைத் தூரத்தால் ஈடுசெய்து, 1988-89 ஆம் பருவத்தில் உலகக் கோப்பையையே வென்றார். சில ஆண்டுகளுக்குள் ஏனைய வீரர்கள் அனைவரும் அம்முறையையே மேற்கொண்டனர். நேற்றுப் பிழையெனப்பட்டது இன்று இலக்கணமாகிவிட்டது.

இவ்விளையாட்டில் தூரம் மட்டும் வெற்றியைத் தருவதில்லை. ஒவ்வொரு குன்றிற்கும் ஓர் அளவுக்கோடு குறிக்கப்பட்டிருக்கும். 2002 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் சிறிய குன்றின் கோடு 90 மீட்டரிலும் பெரிய குன்றின் கோடு 120 மீட்டரிலும் இருந்தன. அக்கோட்டை எட்டியவருக்கு 60 புள்ளிகள். பெரிய குன்றில் கோட்டிற்கு அப்பால் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி கூடும். குறைந்தால் அவ்வாறே குறையும். 130 மீட்டர் தாண்டியவர் தூரத்திற்கு மட்டும் 78 புள்ளிகள் பெறுவார். இதனுடன் நடுவர் ஐவர் பறத்தலின் ஒழுங்கையும் இறங்குதலின் அழகையும் நோக்கி 20க்கு மேற்படாமல் மதிப்பெண் அளிப்பர். அவற்றுள் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் நீக்கப்படும்; எஞ்சிய மூன்றும் கூட்டப்படும். வேண்டியவர் என்று ஒரு நடுவர் அள்ளிக் கொடுத்தாலும், வேண்டாதவர் என்று மற்றொருவர் குறைத்தாலும் அது செல்லாது. ஒவ்வொருவரும் இருமுறை தாண்டுதல் வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகையே முடிவைத் தருகிறது. எனவே, நெடுந்தூரம் பறந்தும் இறங்கும்போது தடுமாறியவர், அவரினும் குறைந்த தூரம் சென்று செவ்வையாக இறங்கியவரிடம் தோற்றல் கூடும்.

தனித்தனியாக நடந்த போட்டிகளை ஒரு மாலையாகத் தொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் நார்வே நாட்டினரான டோர்பியோன் இக்கெசெத் என்பவருக்கு எழுந்தது. அதன் பயனாக 1979-80 ஆம் பருவத்தில் உலகக் கோப்பை தொடங்கிற்று. நவம்பர் மாத இறுதியில் தொடங்கி மார்ச் மாதம் வரை வீரர்கள் நாடுவிட்டு நாடு செல்வர். ஒவ்வொரு போட்டியிலும் முதல் முப்பதின்மர்க்குப் புள்ளிகள் உண்டு. முதல்வருக்கு 100, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60, நான்காமவருக்கு 50 என இறங்கி முப்பதாமவருக்கு 1 புள்ளி கிடைக்கும். பருவம் முடிந்ததும் மிகுதியான புள்ளிகளைத் திரட்டியவரே கோப்பைக்கு உரியவர். இக்கணக்கைச் சற்று நுணுகி நோக்குதல் நன்று. ஒருவர் ஒரு நாள் வென்று மறுநாள் முப்பதின்மருள்ளும் இடம் பெறாமற்போனால் அவருக்கு 100 புள்ளிகளே. இரு நாளும் இரண்டாமிடம் பெற்றவருக்கோ 160. ஒரு நாளைய பெருவெற்றியைவிட ஓயாத நன்முயற்சியையே இக்கோப்பை மதிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பருவத்திற்கு வருவோம். 2001 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பின்லாந்து நாட்டின் குவோப்பியோ நகரில் போட்டிகள் தொடங்கின. அனைவர் கண்களும் போலந்து நாட்டினரான ஆடம் மாவிஷ் என்பவரையே நோக்கின. அவர் 1977 ஆம் ஆண்டில் விஸ்வா என்னும் மலையூரில் பிறந்தவர். சிறிய உருவமும் மெல்லிய மீசையும் உடையவர். கூரை அமைக்கும் தொழிலைக் கற்றவர். 1998 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அவருக்குப் பெருந்தோல்வியே கிடைத்தது. இவ்விளையாட்டைக் கைவிட்டுத் தாம் கற்ற தொழிலுக்கே போய்விடலாமா என்றும் அவர் எண்ணியதுண்டு. ஆயினும் விடாது முயன்று, 2000-01 ஆம் பருவத்தில் உலகக் கோப்பையை வென்றார். அதனைப் பெற்ற முதற் போலந்து வீரர் அவரே. போட்டி நாளில் ஒரு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் உண்பது அவர் வழக்கம் என்பதை அந்நாட்டில் சிறு குழந்தையும் அறிந்திருந்தது. வெற்றியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், இரண்டு நல்ல தாண்டல்களைச் செய்வதே தம் நோக்கம் என்று அவர் அடக்கமாகக் கூறிவந்தார். புதிய பருவத்தின் தொடக்க வாரங்களிலும் அவர் பல வெற்றிகளைப் பெற்று முன்னணியில் நின்றார்.

டிசம்பர் மாத இறுதி வந்தது. அக்காலத்தில் நான்கு குன்றுப் போட்டி என்னும் புகழ்பெற்ற தொடர் நடைபெறும். 1953 ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தொடரை முதன்முதலில் வென்றவர், முன்னர் 100 மீட்டரைக் கடந்த செப் பிராடிலே ஆவார். ஜெர்மனியில் ஓபர்ஸ்ட்டார்ஃப், கார்மிஷ் பார்ட்டன்கிர்ஹன் ஆகிய ஈரிடங்களிலும், ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக், பிஷோஃப்ஸ்ஹோஃபன் ஆகிய ஈரிடங்களிலும் பத்து நாள்களுக்குள் நான்கு போட்டிகள் நிகழும். ஒரு குன்றைப் போல மற்றொரு குன்று இராது. இன்ஸ்புருக்கில் உச்சியில் அமர்ந்த வீரரின் கண்ணுக்கு எதிரே நகரின் கல்லறைத் தோட்டம் தெரியும். பிஷோஃப்ஸ்ஹோஃபனிலோ சறுக்குப்பாதை பிற இடங்களைப்போல் செங்குத்தாக இராமல் நீண்டு படிந்து செல்லும். அதில் நேரம் பார்த்து எழுதல் அரிது. முதற்சுற்றில் ஐம்பது வீரர்கள் இருவர் இருவராக மோதுவர். வென்ற இருபத்தைவரும், தோற்றவருள் சிறந்த ஐவரும் இரண்டாம் சுற்றுக்குச் செல்வர்.

இத்தொடரின் நான்கு போட்டிகளிலும் ஒருவரே முதலிடம் பெறுதல் என்பது எவராலும் எட்டமுடியாத கனவாக இருந்தது. மூன்றில் வென்று நான்காவதில் தவறியவர் உண்டு. 1997 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1998 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஜப்பானிய வீரர் கசுயோஷி ஃபுனாக்கி முதல் மூன்று குன்றுகளிலும் வென்றார். நான்காம் குன்றில் அவரால் வெல்ல இயலவில்லை. அன்று அங்கே முதலிடம் பெற்று அக்கனவைக் கலைத்தவர் ஜெர்மானியரான ஸ்வென் ஹன்னவால்ட். காலம் சுழன்றது. நான்கு ஆண்டுகளுக்குப்பின் அதே ஹன்னவால்ட் அதே குன்றின் உச்சியில் அதே நிலையில் அமர்ந்திருந்தார்.

டிசம்பர் 30 ஆம் நாள் ஓபர்ஸ்ட்டார்ஃபில் அவர் வென்றார். புத்தாண்டு நாளில் கார்மிஷ் பார்ட்டன்கிர்ஹனில் வென்றார். ஜனவரி 4 ஆம் நாள் இன்ஸ்புருக்கிலும் வெற்றி அவருடையதாயிற்று. 2002 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள் பிஷோஃப்ஸ்ஹோஃபனில் மக்கள் திரண்டனர். முந்திய மூன்று வெற்றிகளும் அவருக்குத் துணையாக வந்தனவா, சுமையாக வந்தனவா என்று சொல்லுதல் அரிது. சட்டத்தில் அமர்ந்திருக்கும் சில நொடிகளில் வீரர் தம்முடன் தாமே போராடுகிறார். அன்று ஹன்னவால்ட் அப்போராட்டத்திலும் வென்றார், போட்டியிலும் வென்றார். அது நான்கு குன்றுப் போட்டியின் ஐம்பதாவது தொடர். அதுகாறும் ஒருவருக்கும் கிட்டாத பெருமை அவருக்குக் கிட்டிற்று. அதன்பின் பதினாறு ஆண்டுகள் கழித்தே, 2018 ஆம் ஆண்டில், போலந்து வீரர் காமில் ஸ்டோக் அதனை மீண்டும் நிகழ்த்தினார்; அடுத்த ஆண்டில் ஜப்பானியரான ரியோயு கோபயாஷியும் நிகழ்த்தினார்.

பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கின. பொற்பதக்கம் ஹன்னவால்டிற்கா, மாவிஷிற்கா என்பதே எங்கும் பேச்சு. சிமோன் அம்மான் என்னும் இருபது வயது இளைஞரை எண்ணியவர் சிலரே. அவர் சுவிட்சர்லாந்தின் டோகன்பர்க் பள்ளத்தாக்கில் வாழ்ந்த உழவர் ஒருவரின் மகன். கண்ணாடி அணிந்த சிறுவர் போன்ற தோற்றமுடையவர். உலகக் கோப்பைப் போட்டி ஒன்றிலேனும் அதுவரை அவர் முதலிடம் பெற்றதில்லை. அதற்கு மேலும் ஒரு துன்பம் நேர்ந்தது. ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களுக்கு முன், ஜெர்மனியின் வில்லிங்கன் குன்றில் பயிற்சியின்போது அவர் கடுமையாக விழுந்து தலையிலும் முதுகிலும் அடிபட்டார். அத்தகைய வீழ்ச்சிக்குப்பின் மீண்டும் உச்சியில் ஏறி அமர்வதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

சிமோன் ஏறினார். பிப்ரவரி 10 ஆம் நாள் சிறிய குன்றில் நடந்த போட்டியில் அவர் பொற்பதக்கம் பெற்றார். ஹன்னவால்டிற்கு வெள்ளியும் மாவிஷிற்கு வெண்கலமும் கிடைத்தன. தற்செயலான வெற்றி என்று சிலர் எண்ணியிருக்கக் கூடும். மூன்று நாள் கழித்துப் பெரிய குன்றிலும் அவரே வென்று அந்த எண்ணத்திற்கு இடமில்லாமற் செய்தார். மாவிஷ் இரண்டாமிடம் பெற்றார். பின்லாந்து வீரர் மாட்டி ஹௌட்டமாக்கி மூன்றாமிடம் பெற்றார். ஹன்னவால்டோ இரண்டாம் தாண்டலில் நெடுந்தூரம் பறந்தும், இறங்கும்போது நிலைகுலைந்து மதிப்பெண்களை இழந்து, பதக்கமின்றி நான்காமிடம் சென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரு குன்றுகளிலும் தனிப்போட்டிப் பொற்பதக்கம் பெறுதல் அதற்குமுன் ஒருவருக்கே வாய்த்தது. அவர் 1988 ஆம் ஆண்டில் வென்ற பின்லாந்து வீரர் மாட்டி நிக்கனன்.

அவ்வொலிம்பிக்கில் குழுப்போட்டியும் ஒன்று நடைபெற்றது. நாட்டிற்கு நால்வர், ஒவ்வொருவருக்கும் இரு தாண்டல், ஆக எட்டுத் தாண்டல்களின் தொகையே முடிவு. ஜெர்மனி 974.1 புள்ளிகளும் பின்லாந்து 974.0 புள்ளிகளும் பெற்றன. பத்தில் ஒரு புள்ளியால் பொன் ஜெர்மனிக்குச் சென்றது. தூரம் அரை மீட்டர் கணக்கில் அளக்கப்படுகிறது. பெரிய குன்றில் அரை மீட்டரின் மதிப்பு 0.9 புள்ளி. ஆதலின், அளவுகோலால் அளக்கக்கூடிய மிகச் சிறிய தூரத்தினும் சிறியதொரு வேற்றுமை இரு நாடுகளையும் பிரித்தது. எட்டுத் தாண்டல்களுள் எதிலேனும் ஒருவர் காலைச் சற்றுச் செவ்வையாக ஊன்றியிருந்தால் முடிவு மாறியிருக்கும். சிறியது என்று எதனையும் புறக்கணித்தல் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒலிம்பிக் முடிந்ததும் உலகக் கோப்பை மீண்டும் தொடர்ந்தது. மார்ச் மாதத்தில் செக் நாட்டின் ஹராஹோவ் குன்றில் நடந்த நெடுந்தூரப் பறத்தல் உலகப் போட்டியில் ஹன்னவால்ட் வென்றார். ஆயினும் பருவம் முழுவதும் சிந்தாமல் சிதறாமல் புள்ளிகளைச் சேர்த்துவந்தவர் மாவிஷ். வென்ற நாள்களில் அவர் செருக்குறவில்லை. தோற்ற நாள்களிலும் முன்னணியினின்று வெகுவாகப் பின்தங்கவில்லை. ஸ்லோவேனியா நாட்டின் பிளானிட்சாவில் பருவம் நிறைவெய்தியபோது உலகக் கோப்பை இரண்டாம் முறையாக அவர் கைக்கு வந்தது. ஹன்னவால்ட் இரண்டாமவராகவும் ஹௌட்டமாக்கி மூன்றாமவராகவும் வந்தனர். முப்பது ஆண்டுகளாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் காணாதிருந்த போலந்து, அப்பருவத்தில் அவரால் இரு பதக்கங்களையும் கோப்பையையும் பெற்றது.

ஆக, ஒரே குளிர்காலத்தில் மூன்று முடிகள் மூவர் தலையில் சூட்டப்பட்டன. ஹன்னவால்ட் பத்து நாள்களுக்குள் நான்கு குன்றுகளை வென்றார். அது திறமையின் உச்சத்தைக் காட்டியது. சிமோன் நான்காண்டுகளுக்கு ஒருமுறை வரும் வாய்ப்பைத் தவறவிடாது பற்றினார். அது வீழ்ந்தவரின் துணிவைக் காட்டியது. மாவிஷ் நான்கு மாதங்கள் தளராது நின்றார். அது நிலைபேற்றைக் காட்டியது. ஒரு தாண்டலுக்கு ஐந்து நொடி எனக் கொண்டால், ஒரு பருவத்துப் போட்டிகளில் ஒருவர் வானில் இருந்த மொத்த நேரம் சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களுக்காக ஓராண்டு முழுவதும் உடலையும் உள்ளத்தையும் ஒழுங்கில் நிறுத்துதல் வேண்டும். மூவரும் அதனைச் செய்தனர், அளவுகோல்தான் வேறுபட்டது. எனவே, ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துதல் பொருந்தாது.

வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் அறிதல் வேண்டும். உடல் மெலிந்திருந்தால் காற்று எளிதில் தாங்கும். ஆதலால் தாண்டுவோர் பலர் உணவைக் குறைத்து உடலை வருத்தலாயினர். இத்தீங்கைத் தடுக்க, 2004 ஆம் ஆண்டில் புதிய விதி ஒன்று வகுக்கப்பட்டது. உயரத்திற்கேற்ற எடை இல்லாதவர் குட்டையான கட்டைகளையே பயன்படுத்துதல் வேண்டும் என்பது அவ்விதி. கட்டை குட்டையானால் காற்றின் தாங்குதல் குறையும்; மெலிவதால் வந்த ஊதியம் போய்விடும். காற்றின் வேற்றுமையால் ஒருவருக்கு நன்மையும் மற்றவருக்குத் தீமையும் நேர்வதைச் சரிசெய்ய, 2009 ஆம் ஆண்டில் சோதனையாகத் தொடங்கிய புள்ளிமுறையும் பின்னர் நிலைபெற்றது.

நான்கு குன்றுகளையும் வென்ற ஹன்னவால்டின் பிற்கால வாழ்க்கை நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. இடைவிடாத உழைப்பும், குறைவற்ற நிறைவையே நாடிய மனமும் அவரை அரித்தன. 2004 ஆம் ஆண்டில் அவர் உடலும் உள்ளமும் சோர்ந்து மருத்துவ உதவியை நாடினார். அடுத்த ஆண்டில் விளையாட்டினின்றும் விலகினார். ஆனால் தம் நோயை அவர் மறைக்கவில்லை. பின்னர் உடல்நலம் பெற்று, தாம் உயர்ந்ததையும் வீழ்ந்ததையும் மீண்டதையும் 2013 ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே வெளியிட்டார். குன்றின் உச்சியில் காட்டிய துணிவினும் இத்துணிவு குறைந்ததன்று. ஓய்வும் முயற்சியின் ஒரு பகுதியே என்பதனை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

மற்ற இருவரும் மேலும் பல்லாண்டு தாண்டினர். மாவிஷ் 2003 ஆம் ஆண்டிலும் கோப்பையை வென்று, தொடர்ந்து மூன்று பருவங்களில் அதனைப் பெற்ற முதல்வரானார். 2007 ஆம் ஆண்டில் நான்காம் முறையும் பெற்றார். சிமோனோ தம் இரு பொற்பதக்கங்களுக்குப்பின் சில ஆண்டுகள் ஒளி மங்கியிருந்தார். 2006 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அவர் மனம் உடையவில்லை. 2010 ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் ஒலிம்பிக்கில் மீண்டும் இரு குன்றுகளிலும் பொற்பதக்கம் வென்றார். அப்பருவத்தின் உலகக் கோப்பையையும் பெற்றார். ஒரு நாளில் பூத்த வெற்றி என்று நினைக்கப்பட்டது எட்டு ஆண்டு உழைப்பால் காய்த்துக் கனிந்தது.

பனிச்சறுக்குத் தாண்டலில் மேடையை விட்டு எழுந்தபின் வீரர் செய்யக்கூடியது சிறிதே. காற்று அவர் ஆணைக்கு உட்பட்டதன்று. நடுவரின் மதிப்பெண்ணும் உட்பட்டதன்று. பிறர் தாண்டும் தூரமும் உட்பட்டதன்று. தாம் தாண்டும் தாண்டல் ஒன்றே அவர் கையில் உள்ளது. அதனைச் செவ்வையாகச் செய்துவிட்டு, முடிவு எதுவாயினும் மீண்டும் படியேறி உச்சிக்குச் செல்பவரே உண்மையான வீரர். இரண்டு நல்ல தாண்டல்கள் என்று மாவிஷ் தம் நோக்கத்தைச் சுருக்கிக் கூறியதன் பொருளும் இதுவே. தேர்விலும் தொழிலிலும் வாழ்விலும் நம் கையில் உள்ள பணியும் அத்தகையதே அன்றோ? அதனை நன்கு ஆற்றுவோம். அடுத்த தாண்டலுக்கு அஞ்சாது ஏறுவோம்.